விளக்கும் படகும் ஒரே படத்தில்: மம்பிள்ஸ் முனையில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு படத்துக்கு எனக்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பிடித்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை. அதில் பாதிக்கு மேல் என் அசட்டுத்தனத்துக்குப் போன காலம். இதே மாதிரி ஒரு முயற்சியில் இறங்குகிறவர்களுக்கு அந்தப் பாதியாவது மிச்சமாகட்டும் என்றுதான் நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

இடம், வேல்ஸின் தென்கரையில் சுவான்ஸி விரிகுடாவின் மேற்கு நுனியில் இருக்கும் மம்பிள்ஸ். ஊர் முடிகிற இடத்தில் நிலம் முடிந்துவிடுவதில்லை. இரண்டு பாறைத் தீவுகளாகக் கடலுக்குள் இன்னும் சற்று நீள்கிறது. இந்த இரு மேடுகளைத் தூரத்திலிருந்து பார்த்த பிரெஞ்சு மாலுமிகள் பெண்ணின் மார்பைக் குறிக்கும் சொல்லால் அழைத்ததே இன்றைய பெயரானது என்று சொல்வார்கள். மாலுமிகளின் கற்பனை எந்த மொழியிலும் ஒரே திசையில்தான் போகும் போலிருக்கிறது. வெளித்தீவின் உச்சியில் வெள்ளை நிற எட்டுப்பட்டைக் கோபுரம், அதுதான் கலங்கரை விளக்கம். அங்கிருந்து சில நூறு மீட்டர் தள்ளி, 1898இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தின் நுனியில் மீட்புப் படகின் கூடம் இருக்கிறது. கூடத்தின் கதவிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் ஒரு சரிவுப் பாதை. அழைப்பு வந்தால் படகு அந்தச் சரிவில் வழுக்கிக் கடலில் விழும்.

கோபுரத்தைப் படமெடுக்காதவர் அந்த ஊரில் இல்லை. படகு இறங்குவதை எடுத்தவர்களும் உண்டு. இரண்டும் தத்தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும் கணத்தில், அதாவது விளக்கு எரியும்போது படகு இறங்குவதாக, ஒரே படத்தில் எடுத்த ஒன்றை நான் பார்த்ததில்லை. அதைத்தான் எடுக்க நினைத்தேன். ஏன் யாரும் எடுக்கவில்லை என்று முதலிலேயே யோசித்திருக்கலாம்.

காரணம் எளிய கணக்குதான். மம்பிள்ஸ் விளக்கின் அடையாளம் 20 வினாடிக்கு ஒருமுறை நான்கு வெள்ளை மின்னல்கள். அவற்றை முழுதாகப் பிடிக்க ஷட்டர், அதாவது கேமராவுக்குள் வெளிச்சத்தை விடும் கதவு, 20 வினாடி திறந்திருக்க வேண்டும். சரிவில் பாயும் படகை உறைய வைக்க ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி போதும், அதற்கு மேல் போனால் படகு கலங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே 20,000 மடங்கு வித்தியாசம். எந்தக் கேமராவும் ஒரே சொடுக்கில் இரண்டையும் செய்யாது. இரண்டு படம் எடுத்துக் கணினியில் ஒட்டிவிடலாம்தான். ஒட்டுவதில் எனக்கு விரோதம் ஏதுமில்லை, திருமண ஆல்பங்களில் நானே ஒட்டியிருக்கிறேன். ஆனால் இங்கே நான் காட்ட நினைத்ததே அந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன என்பதைத்தான். அதை ஒட்டிக் காட்டினால் சொல்வது பொய்யாகிவிடும்.

விளக்கு

அக்டோபரில் தொடங்கினேன். கோபுரத்தின் மேற்குப் பக்கம் பிரேஸ்லெட் விரிகுடா என்ற சிறு கடற்கரை இருக்கிறது. ராட்சத ஆப்பிள் போல் கட்டிய ஒரு கடை அங்கே நெடுங்காலமாக உட்கார்ந்திருப்பதால் வழி தவறாது. சூரியன் மறைந்து அரைமணி நேரம் கழித்து, வானம் கருநீலமாகும் வேளையில் முக்காலியை ஊன்றி 30 வினாடி வைத்து எடுத்தேன். பத்துப் படம் எடுத்ததில் சிலவற்றில் விளக்கு அளவாக ஒளிர்ந்தது, சிலவற்றில் வெள்ளைப் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அளவுகள் எதையும் நான் மாற்றவில்லை. வானம் எல்லாப் படங்களிலும் ஒரே மாதிரி இருந்தது. லென்ஸ் கெட்டுவிட்டதென்று ஒரு வாரம் அதையே சந்தேகித்தேன்.

குற்றம் லென்ஸில் இல்லை, எண்ணிக்கையில் இருந்தது. சுழற்சி 20 வினாடி, என் ஷட்டர் 30 வினாடி. தொடங்கிய நேரத்தைப் பொறுத்து ஒரு படத்துக்குள் ஒரு கூட்டம் மின்னலும் வரலாம், இரண்டு கூட்டமும் வரலாம். ஒன்றில் நான்கு, இன்னொன்றில் எட்டு. பத்து வினாடி வைத்தால் நிலைமை இன்னும் மோசம், விளக்கே எரியாத படம்கூடக் கிடைக்கும். தீர்வு புரிந்தபோது சிரிப்பு வந்தது. சுழற்சியின் நீளமும் ஷட்டரின் நீளமும் ஒன்றாக இருந்துவிட்டால் எந்தக் கணத்தில் அழுத்தினாலும் சரியாக நான்கு மின்னல்கள்தான் உள்ளே வரும், கூடாது, குறையாது. அன்றிலிருந்து இந்தக் கோபுரத்துக்கு 20 வினாடி என்பதை மாற்றவில்லை. வெளிச்சத்துக்கு ஏற்ப அபர்ச்சர் எனும் லென்ஸின் திறப்பையும், ஐ.எஸ்.ஓ. எனும் ஒளியுணர்வு அளவையும் மட்டும் மாற்றிக்கொண்டேன். வேறு கலங்கரை விளக்கத்துக்குப் போகிறவர்கள் முதலில் அதன் சுழற்சி நேரத்தைக் கடல் வரைபடத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தனித் தாளம் உண்டு.

அந்தத் தாளம் விளையாட்டுக்கு வைத்ததல்ல. இருட்டில் ஒரு வெளிச்சத்தைப் பார்க்கும் மாலுமிக்கு முதலில் தெரியவேண்டியது அது எந்த ஊர் வெளிச்சம் என்பதுதான். மம்பிள்ஸ் கோபுரம் 1794இல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு முன் எழுப்பிய ஒன்று 1792இல் பாதியிலேயே சரிந்துவிட, உள்ளூர்க் கட்டடக் கலைஞர் வில்லியம் ஜெர்னிகனின் வடிவமைப்பில் மறுபடி கட்டினார்கள். அப்போது மின்னலும் இல்லை, லென்ஸும் இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தட்டுகளில் நிலக்கரியைக் குவித்துத் திறந்தவெளியில் எரித்தார்கள். கிழக்கே ஃபிளாட் ஹோம் தீவில் ஒரு நெருப்பு, மேற்கே செயின்ட் ஆன்ஸ் முனையில் தனித்தனியாக இரண்டு விளக்கு. ஆகவே இங்கே மேலும் கீழுமாக இரண்டு. கோபுரம் இன்றும் ஒரு பெரிய பெட்டியின் மேல் சின்னப் பெட்டியை வைத்ததுபோல் இரண்டு அடுக்காகத் தெரிவது அதனால்தான். கரி போட்டு மாளவில்லை, சில ஆண்டுகளிலேயே எண்ணெய் விளக்குக்கு மாறிவிட்டார்கள். 1860 வாக்கில் சுற்றிலும் ஒரு கோட்டை வந்தது. 1934இல் விளக்கு தானியங்கியானது, 1995இல் சூரிய மின்சாரத்துக்கு மாறியது. இப்போது அங்கே குடியிருப்பவர் யாருமில்லை.

படத்துக்கு வருகிறேன். 20 வினாடியில் கணக்கு தீர்ந்தாலும் ஒரு குறை தீரவில்லை. நான்கு மின்னலும் சென்சாரில் ஒரே புள்ளியில் விழுகின்றன, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடுகின்றன. படத்தில் தெரிவது ஒரே ஒரு வெளிச்சம். நான்கு முறை மின்னியதா, விடாமல் எரிந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. எந்த அடையாளத்துக்காக இருநூறு வருடம் பாடுபட்டார்களோ அதை நீண்ட ஷட்டர் அழித்துவிடுகிறது. ஷட்டர் திறந்திருக்கையில் முக்காலியின் தலையை மெல்லத் திருப்பிப் பார்த்தேன். நான்கு புள்ளிகள் வரிசையாக விழுந்தன, ஆனால் கோபுரம் பசைபோல இழுபட்டுப்போனது. அழகாகக்கூட இருந்தது, ஆனால் அந்த விளக்கு எந்த ஊருடையது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதை ஓரமாக வைத்துவிட்டேன். இந்தக் குறை பின்னால் தானாகவே தீர்ந்தது, அது வேறு விதமாக.

சில்லறை விஷயங்கள் இரண்டு. லென்ஸ் முன்னால் பாதுகாப்புக்கென்று மாட்டும் கண்ணாடி வடிகட்டியை இரவில் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிரகாசமான விளக்கின் பிம்பம் படத்தின் நடுப்புள்ளிக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பச்சைப் பேயாக விழும். இரண்டாவது, உப்புச் சாரல். காற்று வீசும் நாளில் கால்மணி நேரத்துக்குள் லென்ஸில் கண்ணுக்குத் தெரியாத படலம் ஒன்று படிந்து விளக்கைச் சுற்றி மூட்டமாகும். காய்ந்த துணியால் துடைத்தால் உப்புக்கல் கண்ணாடியைக் கீறும். சொட்டு நல்ல தண்ணீர் விட்டு நனைத்த பிறகே துடைக்க வேண்டும். இருமல் மருந்து வந்த சிறு குப்பி ஒன்றில் தண்ணீர் நிரப்பிச் சட்டைப்பையில் வைத்திருப்பேன்.

ஓதம்

சென்னைக் கரையில் கடல் ஏறுவதும் இறங்குவதும் ஒரு மீட்டர் அளவுதான். அந்தக் கடலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஓதம் என்பது பள்ளிப் புவியியல் பாடத்தில் வரும் ஒரு சொல், அவ்வளவே. சுவான்ஸி விரிகுடாவில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓத நாட்களில் நீர்மட்டம் ஆறு மணி நேரத்துக்குள் 9 மீட்டர் அளவுக்கு ஏறும். மூன்று மாடி உயரம். இந்த விரிகுடா இருக்கும் பிரிஸ்டல் கால்வாய் என்ற கடற்பகுதி புனல் மாதிரி உள்ளே போகப் போகக் குறுகுவதால் வருகிற தண்ணீருக்கு ஒதுங்க இடமில்லை, மேலே ஏறுகிறது. உலகிலேயே மிகப் பெரிய ஓதங்கள் வரும் கடல்களில் இதுவும் ஒன்று.

நீர் வற்றும்போது மம்பிள்ஸின் இரண்டு தீவுகளுக்கும் நடந்தே போகலாம். கோபுரத்தை அடியிலிருந்து, அந்திவெளிச்சத்தில் எடுக்க ஆசைப்பட்டேன். மாதக்கணக்கில் அட்டவணையைப் புரட்டியும் பெரிய வற்று, அதாவது பெரிய ஓத நாளில் நீர் மிகவும் தாழும் நேரம், சூரிய மறைவோடு ஒரே வேளையில் சேரவில்லை. பிறகுதான் புரிந்தது, ஒருபோதும் சேரப்போவதில்லை. ஓர் இடத்தில் பெரிய ஓதத்தின் உச்சம் எப்போதும் ஏறத்தாழ ஒரே கடிகார நேரத்தில்தான் வரும். சுவான்ஸியில் அது காலை, மாலை ஆறரை மணியை ஒட்டி. எனவே பெரிய வற்று நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டியே வரும். சந்திரனோடு வாதாடுவதற்கு இல்லை. இரவுப் பணிக்குப் போகிற எனக்கு நண்பகல் தோதானது என்பதால், வெளிச்சம் தட்டையாக இருந்தாலும் பரவாயில்லை, கோணங்களையாவது பார்த்துவைப்போம் என்று ஏப்ரலில் ஒருநாள் புறப்பட்டேன்.

அன்று செய்த தவறு இது. குளிர்காலம் முழுவதும் நான் பயன்படுத்தியது அச்சிட்ட ஓதக் கையேடு. அது கிரீனிச் நேரத்தில் இருக்கும், கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைக்கும் கோடை நேரம் தொடங்கிய பின் ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும். அன்று கையேட்டை வீட்டில் விட்டுவிட்டுக் கைப்பேசியில் பார்த்தேன். அதில் கோடை நேரம் ஏற்கெனவே கூட்டப்பட்டிருந்தது. 1.20க்குத் தாழ் ஓதம் என்று இருந்ததை, பழக்கதோஷத்தில் நான் இன்னொரு மணி கூட்டி 2.20 என்று மனத்தில் எழுதிக்கொண்டேன்.

ஒரு மணி நேரம்தானே என்று தோன்றும். ஏற்றம் ஒரே சீராக வருவதில்லை என்பதுதான் சிக்கல். கடலோடிகளிடம் ஒரு பன்னிரண்டில் பங்குக் கணக்கு உண்டு. மொத்த ஏற்றத்தில் முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு பங்கு, மூன்றாம் மணியில் மூன்று, நான்காம் மணியிலும் மூன்று, அப்புறம் இரண்டு, கடைசியில் ஒன்று. ஏற்றம் 9 மீட்டர் என்றால் முதல் மணி முடிவில் முக்கால் மீட்டர், இரண்டாம் மணி முடிவில் இரண்டேகால் மீட்டர். 3.20க்கு நான் வெளித்தீவில் உட்கார்ந்து, தண்ணீர் முக்கால் மீட்டர்தான் ஏறியிருக்கும் என்ற நினைப்பில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தேன். உண்மையில் அது இரண்டேகால் மீட்டர் ஏறியிருந்தது.

எனக்கு விஷயத்தைச் சொன்னது கடல்பாசி. வரும்போது பாறைகளின் மேல் ஈரச் சாக்குபோலப் படுத்துக் கிடந்த பழுப்புப் பாசி, திரும்பிப் பார்த்தபோது எழுந்து நின்றுகொண்டிருந்தது. அதன் காற்றுக் குமிழ்கள் தண்ணீர் வந்ததும் அதைத் தூக்கிவிடுகின்றன. பாசி நின்றால் கீழே தண்ணீர் நிற்கிறது என்று பொருள். அலை எதுவும் இல்லை, சத்தமும் இல்லை. இரண்டு பக்கமிருந்தும் நீர் பாறையிடுக்கு வழியாக வந்து நடுவில் சந்திக்கப் பார்த்தது. பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்கினேன். முதல் இடுக்கில் முழங்கால், நடுவில் தொடை. காலடியில் கல் தெரியவில்லை. இழுப்பு பலமாக இருந்தது, ஒரு காலை ஊன்றி மறுகாலை எடுக்கவே யோசிக்கவேண்டியிருந்தது. கரையேறியபோது நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்தபடி நின்றார். கையில் கைப்பேசி. “இன்னும் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு அவர்களைக் கூப்பிடலாம் என்று இருந்தேன்” என்று கடற்பாலத்தின் நுனியைக் கையால் காட்டினார். நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு அவரிடம் கேட்டேன் என்று தெரியவில்லை. நாய் என் பூட்ஸிலிருந்து வடிந்த தண்ணீரை முகர்ந்து பார்த்தது.

அந்த இடுக்குக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1883 ஜனவரி 27 அன்று புயலில் அட்மிரல் பிரின்ஸ் அடால்பர்ட் என்ற ஜெர்மானியக் கப்பல் இந்த முனையில் மாட்டிக்கொண்டது. உதவிக்குப் போன மம்பிள்ஸ் மீட்புப் படகு பாறையில் மோதிச் சிதைந்தது. படகோட்டிகளில் நால்வர் இறந்தார்கள், அவர்களில் இருவர் படகுத் தலைவர் ஜென்கின் ஜென்கின்ஸின் மகன்கள். விளக்குக் காவலர் ஏஸின் மகள்கள் இருவர், ஜெஸ்ஸி ஏஸும் மார்கரெட் ரைட்டும், கோபுரத்தின் அடியிலிருந்து கடலுக்குள் இறங்கித் தங்கள் சால்வைகளை முடிச்சுப் போட்டு வீசித் தத்தளித்தவர்களை இழுத்தார்கள். விளக்கும் படகும் ஒரே படத்தில் வரவேண்டும் என்று நான் வீம்பு பிடித்ததற்கு ஆதி காரணம் இந்தச் சம்பவம்தான். அன்று இரண்டுக்கும் ஆள் வேண்டியிருந்தது. இன்று விளக்கு சூரிய ஒளியில் தானாக எரிகிறது. படகுக்குத்தான் இன்னும் ஆள் வேண்டியிருக்கிறது.

படகு

இங்கே நிற்கும் பெரிய படகு டமார் வகையைச் சேர்ந்தது. பெயர் ராய் பார்க்கர் 4. நீளம் 16 மீட்டர், வேகம் மணிக்கு 25 கடல்மைல். கவிழ்ந்தால் தானே நிமிரும். முன்பிருந்த கூடத்துக்கு அது பெரிது என்பதால் பாலத்தின் நுனியில் புதுக்கூடம் கட்டி 2014இல் கொண்டுவந்தார்கள். கூடவே கரையோர வேலைக்கு ஒரு சின்ன ரப்பர் படகும் உண்டு. என்னைப்போன்றவர்களுக்காக வருவது பெரும்பாலும் அதுதான். இரண்டையும் நடத்துவது 1824இல் தொடங்கிய தேசிய மீட்புப் படகு நிறுவனம். அது அரசுத் துறை அல்ல, நன்கொடையில் ஓடும் அறக்கட்டளை. படகில் போகிறவர்கள் ஊரில் வேறு வேலை பார்க்கும் தன்னார்வலர்கள். இடுப்பில் இருக்கும் பேஜர் அலறினால் கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறவர்கள்.

அலறும் நேரம் யாருக்கும் தெரியாது. எனவே பயிற்சி நாட்களில் எடுத்துப் பழகினேன். நிலையத்தில் முன்னதாகச் சொல்லிவைத்துவிட்டு, கரையிலிருந்து, தொலைவை அருகே காட்டும் 300 மி.மீ. லென்ஸில். கொக்கி விடுபட்டதும் படகு முதலில் தயங்குவதுபோல் இருக்கும், பிறகு கண் சிமிட்டும் நேரத்துக்குள் தண்ணீரை அடைந்துவிடும். மூக்கு நீரைத் தொட்டதும் இரண்டு பக்கமும் வெள்ளைச் சிறகு விரியும். அந்தச் சிறகு ஒரு வினாடிகூட நிற்பதில்லை. வினாடிக்குப் பத்துப் படம் எடுக்கும் கேமராவில் எனக்கு உருப்படியாகக் கிடைப்பது மூன்று.

முதல் நாள் எடுத்தவற்றில் படகு ஆரஞ்சுப் பிளாஸ்டிக் பொம்மைபோல் இருந்தது. அறையின் சன்னல், கைப்பிடி, மடிப்பு எதுவும் தெரியவில்லை, ஒரே ஆரஞ்சுத் திட்டு. படத்தில் வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருந்தது. இந்தப் படகுகளின் அடிப்பகுதி கருநீலம், மேற்பகுதி கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, கடலில் தொலைவிலிருந்து தெரியவேண்டும் என்பதற்காக. அப்படிப்பட்ட ஆரஞ்சை எடுக்கும்போது சிவப்பு அலைவரிசை மட்டும் முதலில் நிரம்பி வழிந்துவிடும். பச்சையும் நீலமும் குறைவாக இருப்பதால் மொத்தச் சராசரியைக் காட்டும் ஹிஸ்டோகிராம் அதைச் சொல்லாது. மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து சிவப்பை மட்டும் பார்த்து, வெளிச்சத்தை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்தேன் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). கைப்பிடிகள் திரும்பி வந்தன.

பயிற்சிப் படங்களைக் குடும்பத்தில் காட்டினேன். எல்லாருக்கும் பிடித்தது. எனக்குத்தான் என்னவோபோல இருந்தது. தெளிவான பகல், அமைதியான கடல், சிறகு விரித்த படகு, நாட்காட்டியில் போடலாம். இதே முனையிலிருந்து 1947 ஏப்ரல் 23 அன்று எட்டுப் பேர் போனார்கள். சாம்டாம்பா என்ற சரக்குக் கப்பல் விரிகுடாவுக்கு அப்பால் ஸ்கெர் முனையில் சூறைக்காற்றில் தரைதட்டி உடைந்தது. கப்பலில் இருந்த 39 பேரும் பிழைக்கவில்லை. மறுநாள் படகு கவிழ்ந்த நிலையில் பாறையில் கிடந்தது, எட்டுப் பேரில் ஒருவரும் இல்லை. தலைவர் வில்லியம் கேமன், 1944இல் ஒரு கனடியப் போர்க்கப்பலிலிருந்து 42 பேரைக் காப்பாற்றித் தங்கப் பதக்கம் வாங்கியவர். 1883இல் நால்வர், 1903இல் போர்ட் டால்பட் அருகே அறுவர், 1947இல் எண்மர். ஊர்த் தேவாலயத்தில் அவர்கள் நினைவாக ஒரு வண்ணக் கண்ணாடிச் சன்னல் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்தபின் சிறகுப் படங்களைச் சுவரில் மாட்ட மனம் வரவில்லை.

எங்கே நிற்பது என்பது அடுத்த கேள்வி. பாலத்தருகே நின்றால் கூடம் யானையாகவும் கோபுரம் எலியாகவும் தெரிகின்றன. விரிகுடாவின் எதிர்க்கரையில், சுவான்ஸி கடற்கரையிலிருந்து பெரிய லென்ஸில் பார்த்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் சம உயரத்துக்கு வந்து நிற்கின்றன. கணக்குப்படி அதுதான் சரியான இடம். ஆனால் இடையிலுள்ள சில கிலோமீட்டர் காற்று நெளிந்து எல்லாக் கோட்டையும் அலைபோல ஆக்கிவிடுகிறது. மூன்று முறை போய்விட்டுக் கைவிட்டேன். கடைசியில் மம்பிள்ஸ் ஊர்ப்பக்க நடைபாதையில் ஓர் இடத்தைப் பிடித்தேன். அங்கிருந்து 70 மி.மீ. லென்ஸில் கூடமும் சரிவும் ஓரிடத்தில், கோபுரம் தள்ளி ஓரிடத்தில், நடுவே தண்ணீர். அந்த நடுத் தண்ணீர் வெறுமையாக இருக்கிறதே என்று அப்போது எனக்குக் குறை.

உண்மையான அழைப்பு வந்தால் என்ன செய்வது என்று முன்பே ஒரு முடிவெடுத்திருந்தேன். பாலத்துக்குப் போகும் வழியில் நிற்கமாட்டேன், ஃபிளாஷ் போடமாட்டேன், இருட்டில் படகோட்டியின் கண் பழகியிருக்கும் நேரத்தில் அது கொலைபாதகம். மீட்கப்பட்டு வருகிறவர்கள் பக்கம் லென்ஸைத் திருப்பமாட்டேன். படகு திரும்பும்வரை எதையும் வெளியிடவும் மாட்டேன், கரையில் யாருடைய வீட்டிலோ யாரோ காத்திருப்பார்கள். இதில் விவாதிக்க எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. டிரோன் பறக்கவிடலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். செயின்ட் ஆதன் தளத்திலிருந்து கடலோரக் காவல் ஹெலிகாப்டர் வரக்கூடிய இடத்தில் அந்தக் கேள்வியே தப்பு.

படம்

பிப்ரவரியில் ஒரு நாள். பௌர்ணமிக்கு மறுநாள் என்பதால் உயர் ஓதம் மாலை ஆறரைக்குப் பிறகு, சூரிய மறைவு ஐந்தரையை ஒட்டி. எந்தச் சந்திரன் அந்தி வற்றைத் தர மறுத்ததோ அதே சந்திரன் அந்தி ஏற்றத்தைத் தாராளமாகத் தருகிறது. சரிவின் கீழ்ப்பாதி தண்ணீருக்குள் இருந்தது. அன்று பயிற்சி இல்லை. நான் விளக்கை மட்டும் எடுக்க வந்திருந்தேன். அபர்ச்சர் எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100, 20 வினாடி, முக்காலியில் கனத்துக்கு ஒரு பை மணல்.

ஆறு மணியாகும் நேரம் ஒரு கார் வேகமாகப் பாலத்தின் பக்கம் திரும்பியது. பின்னால் இன்னொன்று. மூன்றாவது வந்ததும் எனக்குப் புரிந்தது. ஒருவர் பாதி ஜாக்கெட்டோடு ஓடுவது தெரு விளக்கில் தெரிந்தது. பாலத்தின் மரப்பலகையில் காலடிச் சத்தம் இவ்வளவு தூரம் கேட்டது. பையில் 300 மி.மீ. லென்ஸ் இருந்தது. மாற்றலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அந்த இருட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு என் கேமராவிடம் ஒன்றும் இல்லை, கறுப்புதான் வரும். கை சும்மா இருந்தது. கூடத்தின் கதவு திறந்து உள்ளே இருந்த வெளிச்சம் சரிவில் வழிந்தபோது, இருந்த அளவிலேயே அழுத்தினேன்.

ஷட்டர் திறந்து மூன்று நான்கு வினாடி ஆனபின் படகு இறங்கியது. மிச்ச நேரம் முழுவதும் அது நகர்ந்துகொண்டே இருந்தது. 20 வினாடி முடிந்து ஷட்டர் மூடியபோது அது சட்டகத்தின் விளிம்பைத் தாண்டியிருந்தது.

திரையில் பார்த்தேன். படகு இல்லை. கதவு திறந்திருக்கிறது, உள்ளே விளக்கெரிகிறது, சரிவு காலி. வலப்பக்கம் கோபுரத்தின் தலையில் நான்கு மின்னலும் ஒரே புள்ளியாகக் குவிந்திருக்கின்றன. நடுவே, வெறுமை என்று நான் குறைபட்ட அந்தத் தண்ணீரில், சரிவின் நுனியிலிருந்து தொடங்கி ஒரு கோடு. படகின் வெள்ளை விளக்கு இழுத்த மெல்லிய கோடு. அதற்குச் சற்று மேலே, படகின் உச்சியில் சுழன்ற நீல விளக்கு விட்டுவிட்டு மின்னியதால், புள்ளி புள்ளியாக ஒரு நீல வரிசை. தொடக்கத்தில் புள்ளிகள் நெருக்கமாக இருக்கின்றன, போகப் போக இடைவெளி கூடுகிறது. வேகம் பிடித்திருக்கிறார்கள். ஒரே 20 வினாடியில் நின்ற இடத்தில் மின்னிய விளக்கு தன் தாளத்தை இழந்து ஒன்றாகிவிட்டது, நகர்ந்தபடி மின்னிய விளக்கு தன் தாளத்தைத் தண்ணீரின் மேல் எழுதிவைத்துவிட்டது. முக்காலியைத் திருப்பி நான் செய்யப் பார்த்து முடியாததை அவர்கள் போகிற போக்கில் செய்திருந்தார்கள்.

இது வெற்றியா என்று ஒளிப்பட நண்பர்களிடம் கேட்டேன். பாதிப்பேர் படகு எங்கே என்றார்கள். கேள்வி நியாயமானது. நான் எடுக்க நினைத்தது விளக்கும் படகும், கிடைத்தது விளக்கும் படகு போன தடமும். இன்னொரு குறையும் உண்டு, கூடத்தின் உள்வெளிச்சம் ஒரு ஸ்டாப் அதிகம், கதவின் மேல்விளிம்பு வெளுத்துவிட்டது. தயாராக இருந்தால் அபர்ச்சரைச் சுருக்கி எஃப் 11இல் எடுத்திருப்பேன். இன்னொரு முறை கிடைக்குமா என்றால், அதற்கு யாரோ ஒருவர் கடலில் மாட்டிக்கொள்ள வேண்டும். அதை வேண்டிக்கொள்ள முடியாது.

அவர்கள் எங்கே போனார்கள் என்று விசாரிக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்துப் படகு திரும்பியது. சரிவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கம்பிவடத்தைப் பின்பக்கம் மாட்டி, பின்னோக்கி மேலே இழுத்தார்கள். அடுத்த முறை மூக்கு கடலைப் பார்த்தபடி இருக்கவேண்டும் அல்லவா. பிறகு நெடுநேரம் குழாய்த் தண்ணீர் பீய்ச்சும் சத்தம், உப்பைக் கழுவுகிறார்கள். எனக்கு என் இருமல் மருந்துக் குப்பி ஞாபகம் வந்தது. குளிரில் பேட்டரி தீர்ந்திருந்ததால் இவை எதையும் படமெடுக்கவில்லை.

மணல் பையைக் கொட்டிவிட்டுப் பாலத்தின் அடிவாரத்தைக் கடந்து வந்தேன். வரிசை தப்பிக் குறுக்கும் நெடுக்குமாக நின்ற கார்களில் ஒன்றின் கதவு சரியாகச் சாத்தப்படாமல், உள்ளே சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பின்னிருக்கையில் குழந்தை உட்காரும் நாற்காலியும், பாதி பிரித்த சிப்ஸ் பொட்டலமும். கதவைச் சாத்திவிட்டு நடந்தேன்.